செத்தவன் பெயரில் மூன்று டப்பா

அத்தியாயம் 4

மூன்றாவது டப்பாவும் அதே பெயரில்தான் வந்தது. தியோதுலோ சுமாகாய், வார்டு நான்கு, கட்டில் பதினொன்று. ஆளைப் புதைத்து அன்றோடு எண்பது நாள் ஆகியிருந்தது.

அந்த மாகாண ஆஸ்பத்திரியில் லேப் ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தட்டு உண்டு. சளிப் பரிசோதனைக்கு வருபவர்கள் காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் டப்பாவையும் சீட்டையும் அதில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வைத்தவர் யார் என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. காசநோய் டப்பாவோடு நிற்கும் ஆளிடம் முகம் கொடுத்துப் பேச யாருக்குத்தான் ஆசை? அந்த வசதியில்தான் மூன்று வாரமாக ஒரு செத்த மனிதன் சளி அனுப்பிக்கொண்டிருந்தான். மூன்றிலும் கிருமி இருந்தது.

சேதி லேபை விட்டு வெளியே கசிய ஒரு நாள் கூட ஆகவில்லை. நான்காம் வார்டில் யாரோ பதினோராம் கட்டிலின் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த, கரும்பு வெட்டும் கிழவர் ஒருவர், காலியாகக் கிடக்கும் கட்டிலிலிருந்து விடியற்காலையில் இருமல் சத்தம் வருவதாகச் சத்தியம் செய்தார். இருபத்திரண்டு நோயாளிகளில் ஒன்பது பேர் மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிப்போனார்கள். ஓடியவர்கள் சாவார்கள். சாவதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுத்தான் சாவார்கள். ஆஸ்பத்திரித் தலைவருக்கு அது தெரியும். அதனால்தான் அவர் பசிலிசா பல்மாரெஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பசிலிசாவுக்கு ஐம்பத்தாறு வயது. நெக்ரோஸ் தீவின் அந்தக் கரும்பு நகரத்தில் இருபத்தைந்து வருஷம் போலீஸ் சார்ஜன்டாக இருந்துவிட்டு, தானாக வேலையை விட்டவள். இப்போது காணாமல் போன எருமை முதல் காணாமல் போன கணவன் வரை எதையும் தேடிக் கொடுப்பாள். அவளுக்கு உதவியாள், டிரைவர், வாயாடி எல்லாம் ஒரே ஆள்தான், பிட்யோங். நாற்பத்தொரு வயதுக்காரன், கல்யாணம் ஆகாதவன், பதினொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். வேலை போனாலும் டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்ச் கருவி மட்டும் அவன் இடுப்பை விட்டுப் போகவில்லை. அன்றைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கொடுத்த அனுமதிச் சீட்டைப் பழக்க தோஷத்தில் ஓட்டை போட்டுத்தான் அவளிடம் நீட்டினான்.

“சார்ஜன்ட், இந்தக் கேஸு வேணாம். பேய்க்குப் பின்னாடி போனா பெட்ரோலுக்கு யாரு பில்லு குடுப்பா?”

“நீ உள்ள வரியா?”

“நானா? என் அத்தைய உயிரோட பாத்தாலே எனக்கு நடுங்கும். செத்தவங்களோட எனக்கு ஒட்டு உறவு வேணாம். ஜீப்பு அனாதையா நிக்கக் கூடாது, நான் இதுக்குக் காவலா இருக்கேன்.”

கையில் இருந்த ஆரஞ்சு சோடாவை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டான். பசிலிசா அவனை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

*

லேபில் சளி பார்ப்பவள் ஹெர்மெலிதா. நாற்பத்தெட்டு வயது இருக்கும். இருபது வருஷமாக அதே ஜன்னல் பக்கத்து மேஜை, அதே மைக்ராஸ்கோப். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டுந்தான் தெரிந்தன. அந்தக் கண்கள் பசிலிசாவின் முகத்தில் ஒரு நொடி நின்றதும் சட்டென்று விலகி மேஜையைப் பார்த்தன. அதற்குப் பிறகு பேச்சு முழுக்க அவள் மேஜையைப் பார்த்தேதான் பேசினாள். பசிலிசா அதை மனதில் குறித்துக்கொண்டாள். போலீஸ் வேலையில் கற்ற முதல் பாடம் அது. கண்ணைப் பார்க்காதவர்களிடம் ஏதோ இருக்கும்.

ஹெர்மெலிதா மூன்று சீட்டுகளையும் எடுத்து வரிசையாக வைத்தாள். கழுவிச் சுத்தம் செய்த டப்பாக்களும் இருந்தன. பெயர் மூடியில் இல்லாமல் டப்பாவின் உடம்பில் ஒட்டிய தாளில் எழுதியிருந்தது. மூடி மாறிப்போனாலும் ஆள் மாறக்கூடாது என்பதற்காக ஆஸ்பத்திரி அப்படித்தான் எழுதச் சொல்லும். வெளியாட்கள் யாரும் அப்படி எழுத மாட்டார்கள் என்றாள்.

“இன்னொண்ணு, மானாங். இங்க வந்து வெக்கிறதுல பாதி வெறும் எச்சியாத்தான் இருக்கும். இது அப்படி இல்ல. மூணும் அடி நெஞ்சுலேர்ந்து இருமி எடுத்தது,” என்றாள் ஹெர்மெலிதா. அக்கா என்பதற்கு அந்த ஊரில் மானாங்.

“அப்ப இந்தப் பேய்க்கு யாரோ பாடம் எடுத்திருக்காங்க,” என்றாள் பசிலிசா.

அவள் சீட்டையும் டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்றிலும் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. யாருடையது என்று கேட்டாள். நான்காம் வார்டில் இருந்த நர்ஸின் கையெழுத்து என்றும், அவள் செப்டம்பர் முதல் தேதியே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள் என்றும் ஹெர்மெலிதா சொன்னாள். அப்படியானால் இந்த மூன்றும் செப்டம்பருக்கு முன்னால் எழுதியவை. தியோதுலோ செத்தது ஆகஸ்ட் கடைசியில்.

ஹெர்மெலிதாவுக்கே அப்போதுதான் உறைத்தது. ஜூன் மாதம் தியோதுலோவை வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, ஆறு மாத மாத்திரைப் பெட்டியும், தினமும் விழுங்கியதற்கு அடையாளம் போடும் அட்டையும், அடுத்தடுத்த பரிசோதனைக்கான மூன்று சீட்டும், மூன்று டப்பாவும் பெயர் எழுதி ஒரே பையில் கொடுத்திருப்பார்கள். வழக்கமே அதுதான். அவர் இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டார். நோய் முற்றிய பிறகு வந்தவர் என்பதால் மருந்தால் முந்திக்கொள்ள முடியவில்லை. நெஞ்சிலிருந்து ரத்தம் கொட்டி, திரும்பவும் தூக்கி வரப்பட்டு, அதே பதினோராம் கட்டிலில் கண்ணை மூடினார்.

“பையில மிச்சம் இருந்தது எல்லாம் எங்க?”

“திருப்பிக் குடுத்திருக்கணும். வரல.”

பசிலிசா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மூன்று சீட்டும் தீர்ந்துவிட்டன. இனி நான்காவது டப்பா வராது. தட்டுக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்து பிடிக்கலாம் என்ற யோசனைக்கு அதோடு முடிவு. பிடிக்க வேண்டிய நூல் ஒன்றே ஒன்றுதான், அந்தப் பை.

ஹெர்மெலிதா இன்னும் ஏதோ சொல்லத் தயங்குவது தெரிந்தது. பசிலிசா காத்திருந்தாள். மூன்றாவது டப்பாவில் லேசாக ஆரஞ்சு நிறம் இருந்ததாம். காசநோய் மாத்திரை சாப்பிடுபவர்களின் மூத்திரம், வியர்வை, கண்ணீர், சில நேரம் சளி எல்லாமே அந்த நிறத்துக்கு மாறும். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்து, மிச்சச் சளியைப் புதிய மெஷினில் போட்டிருக்கிறாள். மைக்ராஸ்கோப் கிருமி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். மெஷின் அந்தக் கிருமி மருந்துக்கு அடங்குமா என்பதையும் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும்.

“தியோதுலோவோட கிருமி மருந்துக்கு அடங்குற ரகம். ஜூன்ல பாத்தது இருக்கு. இது அடங்காத ரகம், மானாங்.”

பசிலிசா அவளைப் பார்த்தாள். “செத்தவன் உடம்புல கிருமி புதுசா வித்தை கத்துக்காது.”

“கத்துக்காது.”

“அப்ப இது உயிரோட இருக்குற ஒரு ஆளு. தியோதுலோவோட மிச்ச மாத்திரையத் தின்னுக்கிட்டு இருக்கான். தேறுதான்னு பாக்கத்தான் டப்பா அனுப்புறான்.”

“தேறாது,” என்றாள் ஹெர்மெலிதா. “அந்த மாத்திரை அவனுக்கு வெறும் சுண்ணாம்பு.”

இந்த ரகத்துக்கும் இப்போது வேறு மாத்திரைகள் இதே ஆஸ்பத்திரியில் இருக்கின்றன, ஆறே மாதத்தில் குணமாகலாம், ஆனால் ஆள் வந்தால்தானே என்றாள்.

*

தியோதுலோவின் வீடு நகரத்திலிருந்து முக்கால் மணி நேரம். சர்க்கரை ஆலை ஓடும் காலம்; சாலை முழுக்கக் கரும்பு லாரி. ஜீப்பின் நான்கு பக்கமும் திறந்தே கிடந்ததால் எரிந்த வெல்ல வாடை நேராக முகத்தில் அடித்தது. போகிற வழியில் பசிலிசா லேபில் கேட்டதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சொல்லச் சொல்லத்தான் அவளுக்கு யோசனை ஓடும். பிட்யோங் நடுநடுவே ஏதாவது ஊசியாகக் குத்துவான். அந்தக் குத்தில் சில சமயம் துப்பு கிடைத்திருக்கிறது.

“செத்தவன் சளியாவது குடுக்குறான்,” என்றான் பிட்யோங். “எங்க சித்தப்பா உயிரோட இருந்து ஒரு சிகரெட்டு குடுத்ததில்ல.”

“ஆளு கெட்டிக்காரன். ஆனா பாவம். அவன் முழுங்குற மாத்திரை அவனுக்கு வேலை செய்யாதாம். கிருமி அடங்காத ரகம். அது தெரியாம தினமும் முழுங்கிக்கிட்டு இருக்கான்.”

கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பும் மண் பாதை வந்தது. ஜீப் அதைத் தாண்டி நேராகப் போயிற்று. எங்கே போகிறாய் என்று பசிலிசா அதட்டிய பிறகுதான் வண்டி நின்றது. லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று முனகிவிட்டு, அவன் வண்டியைத் திருப்பினான்.

கூலிக்காரர் வரிசை வீடுகளுக்கு நூறு கஜம் இருக்கும்போதே நிறுத்திவிட்டான். சேறாக இருக்கிறது, டயர் மாட்டிக்கொள்ளும் என்றான். பசிலிசா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போனாள்.

தியோதுலோவின் மனைவி ரோசென்தா வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். பேய்க் கதை அவள் காதுக்கும் எட்டியிருந்தது. தன் புருஷன் உயிரோடு இருந்தபோதே ஆஸ்பத்திரிக்குப் போக அழுதவன், செத்த பிறகு எதற்குத் தானாகப் போகிறான் என்று அலுத்துக்கொண்டாள். பசிலிசா பையைப் பற்றிக் கேட்டாள்.

ரோசென்தா விடியும் முன்னே வயலுக்குப் போய்விடுபவள். அதனால் புருஷனுக்கு மாத்திரை கொடுக்கும் பொறுப்பை அவனுடைய சிநேகிதன் ஒருவன் ஏற்றுக்கொண்டான். தினமும் காலையில் ஆலை வாசலில் இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வார்கள். அவனை இவள் சரியாகப் பார்த்ததே இல்லை. அடக்கம் செய்த அன்று ஒரு ஆள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வந்து, பையை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னான். கொடுத்து அனுப்பினாள்.

“அன்னிக்கு நான் யாரு மூஞ்சியப் பாத்தேன், சொல்லுங்க. அட்டைய மட்டும் குடுக்கல. அவரு தொட்ட அட்டை, நானே வெச்சுக்கிட்டேன்.”

உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்த அட்டையை எடுத்து வந்தாள். மஞ்சள் அட்டை. ஆறு மாதத்துக்கும் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. மாத்திரை விழுங்கிய ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டத்தில் பொறுப்பாளன் கையெழுத்துப் போட வேண்டும். இந்த அட்டையில் ஒரு கையெழுத்தும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது ஓட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. எல்லாம் சீட்டுக்கட்டில் வருகிற இதயத்தின் வடிவம். அறுபத்து நான்கு இதயம். அதற்குப் பிறகு வெறும் கட்டம்.

அந்த ஊர் பஸ்களில் ஒவ்வொரு கண்டக்டரின் பஞ்ச் கருவிக்கும் ஒரு வடிவம் உண்டு. டிக்கெட்டைப் பார்த்ததும் கொடுத்தது யார் என்று செக்கருக்குத் தெரிந்துவிடும். பசிலிசா கைப்பையைத் திறந்து, காலையில் ஆஸ்பத்திரி வாசலில் வாங்கிய அனுமதிச் சீட்டை எடுத்தாள். அட்டையின் மேல் வைத்துப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வைத்தபோது ஓட்டையோடு ஓட்டை அச்சாகப் பொருந்தியது.

ரோசென்தா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அட்டையை ஒரு மணி நேரத்துக்குக் கடனாகக் கேட்டு வாங்கிக்கொண்டு பசிலிசா சேற்றில் இறங்கினாள்.

அந்த நூறு கஜமும் அவளுக்குத் தீரவே இல்லை. செப்டம்பரிலிருந்து பிட்யோங் அவள் வீட்டுப் பின்னறையில் படுப்பதில்லை. எலி தொல்லை என்று சொல்லி ஜீப்பில் படுத்தான். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போய்விடுவான். ஜீப்பின் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றி எறிந்தான். வேறு வேலை பார்த்துக்கொண்டான் போலிருக்கிறது, அதுதான் ஒட்டாமல் இருக்கிறான் என்று நினைத்து, அவளும் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டையில் இருந்த ஆரஞ்சுக் கறையைத் தினமும் பார்த்தாள். சோடா என்று எடுத்துக்கொண்டாள்.

இது அவள் வீட்டில் இரண்டாவது தடவை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய கணவன் அபெலார்டோ இதே நோயில் செத்தான். ஒன்பது மாதம் பக்கத்திலேயே படுத்து இருமிக்கொண்டிருந்தான். ஆலைப் புகை என்றான். அவளும் சரி என்று திரும்பிப் படுத்தாள். சமையலறைத் தரையில் ரத்தம் கொட்டிய அன்றுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அதன் பிறகு பத்தே நாள். ஊரில் நடக்கிற திருட்டையெல்லாம் மோப்பம் பிடிப்பவள், தன் கட்டிலின் மறுபாதியில் நடந்ததைக் கண்டுகொள்ளவில்லை. அந்த மாதமே தொப்பியையும் பேட்ஜையும் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். தன்னை மன்னிக்கவில்லை. என்னிடம் மறைத்துவிட்டுச் செத்தானே என்று அவனையும் மன்னிக்கவில்லை.

*

பிட்யோங் ஜீப்பின் முன்னால் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவள் நடந்து வருகிற விதத்திலேயே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். சோடா பாட்டிலைக் கீழே வைத்தான். பசிலிசா மஞ்சள் அட்டையை பானெட்டின் மேல் விரித்து வைத்தாள்.

“தியோதுலோ பதினொரு வருஷம் என் பஸ்ஸுலதான் வேலைக்குப் போனான்,” என்றான் பிட்யோங். “மாத்திரைய வாயில போட்டாலே ஓங்கரிப்பான். இத பஸ்ஸா நெனச்சுக்கோடா, நூத்தி எண்பது ஸ்டாப்பு, நடுவுல எறங்கக் கூடாதுன்னு சொல்லி ஓட்டை போட்டேன். அறுபத்தி நாலாவது ஸ்டாப்புல எறங்கிட்டான்.”

“நீ எப்ப ஏறுன?”

அவன் டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு காகிதக் கட்டை எடுத்தான். பழைய பஸ் டிக்கெட்டுகள், ரப்பர் பாண்டு போட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு இதயம். மாத்திரை விழுங்கிய நாளுக்கு ஒன்றாக எழுபத்தெட்டு இருக்கும் என்றான். பையைத் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்துக்கொண்டு போனானாம். ஆஸ்பத்திரி வாசல்வரை போனவனுக்கு இருமல் வந்து, அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். தியோதுலோவுக்கு வந்த இருமல் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். பையோடு திரும்பி வந்துவிட்டான். மூன்று வாரம் முன்பு முதல் டப்பாவை வைத்த பிறகு, முடிவு ஒட்டும் பலகையை ஒவ்வொரு வியாழக்கிழமையும் போய்ப் பார்த்தான். தியோதுலோவின் பெயர் அதில் வரவே இல்லை.

“உன் பேர்ல குடுத்திருக்கலாமே.”

“குடுத்திருந்தா நர்ஸு வீட்டுக்கு வருவாங்க. கூட இருக்கறவங்களையும் சோதிக்கணும்னு உங்க வாசல்ல வந்து நிப்பாங்க. மறுபடியும்.”

“வந்தா வரட்டும். என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

பிட்யோங் கரும்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். “அபெலார்டோ அண்ணன் குடிச்ச கப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வெந்நீர்ல போட்டுக் கழுவுறீங்க, சார்ஜன்ட். ஆறு வருஷமா யாரும் குடிக்காத கப்பு. அது பக்கத்துல என் கப்பையும் கொண்டாந்து வெக்க எனக்கு மனசு வரல.”

பசிலிசா பானெட்டின் மேலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டாள். ஒரு லாரி போய், அதன் புழுதி அடங்குகிறவரை நின்றாள்.

“வழியில சொன்னீங்களே,” என்றான் அவன். “மருந்து வேலை செய்யாதுன்னு. நெஜமா?”

“அந்த மருந்துதான் வேலை செய்யாது. வேற இருக்கு. ஆறு மாசம்.”

“அப்ப மறுபடியும் மொதல் ஸ்டாப்புலேர்ந்து.”

“சாவியக் குடு. பின்னாடி போய் உக்காரு.”

பதினைந்து வருஷமாக அவள் ஜீப் ஓட்டியதில்லை. அட்டையை ரோசென்தாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, கியர் கத்தக் கத்த நகரம்வரை ஓட்டினாள். பின்சீட்டில் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடி ஜெபம் செய்தான். அது வேடிக்கைக்கா உண்மையிலேயா என்று கண்ணாடியில் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை.

*

பிற்பகல் நான்கு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிட்யோங் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் திறந்த வெளியில் நின்று, தன் சொந்தப் பெயர் எழுதிய டப்பாவில் இருமிக் கொடுத்தான். மெஷின் மூன்றாவது டப்பாவுக்குச் சொன்னதையே திரும்பச் சொன்னது. இது தியோதுலோவிடமிருந்து ஒட்டியது இல்லை, பஸ்ஸில் ஏறிய எத்தனையோ பேரில் யாரிடமிருந்தோ வந்திருக்கும் என்றார்கள். அவனைப் பொது வார்டில் சேர்க்காமல் தாழ்வாரக் கடைசியில் இருக்கும் தனியறையில் வைத்தார்கள். பசிலிசாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். நிழல் எதுவும் இல்லை, ஆனாலும் மூன்று மாதம் கழித்து ஒரு தடவை வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரித் தலைவர் நான்காம் வார்டுக்கே நேரில் போய்ப் பேயின் பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னார். அந்த வாரத்துக்குள் ஓடிப்போனவர்களில் ஆறு பேர் திரும்பி வந்தார்கள். கரும்பு வெட்டும் கிழவர் மட்டும் இருமல் சத்தம் கேட்டது கேட்டதுதான் என்று கடைசிவரை சாதித்தார்.

பசிலிசா எக்ஸ்ரே அறையிலிருந்து வெளியே வந்தபோது ஹெர்மெலிதா காத்திருந்தாள். முகமூடி இல்லை, கையுறை இல்லை. காலையில் பார்க்காத கண்கள் இப்போது நேராகப் பார்த்தன. பசிலிசா காலையில் அவளைச் சந்தேகப்பட்டதை நினைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஹெர்மெலிதா முந்திக்கொண்டாள்.

“உங்க வீட்டுக்காரர் பேரு அபெலார்டோ பல்மாரெஸ்தான?”

“ஆமா.”

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி, பிப்ரவரியில மூணு டப்பா குடுத்தாரு. நான்தான் பாத்தேன். மூணுலயும் கிருமி இல்லைன்னு எழுதிக் குடுத்தேன்.”

அபெலார்டோ செத்தது அந்த வருஷம் நவம்பரில். அவன் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை என்றுதான் பசிலிசா இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

அப்போது மெஷின் கிடையாது, மைக்ராஸ்கோப் மட்டுந்தான் என்றாள் ஹெர்மெலிதா. சளியில் கிருமி ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் அதில் தென்படும். கொஞ்சமாக இருந்தால் எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. ஒவ்வொரு கண்ணாடித் தகட்டிலும் நூறு இடம் பார்த்திருக்கிறாள். அபெலார்டோ செத்த சேதி வந்ததும் பழைய பெட்டியிலிருந்து அந்த மூன்று தகடுகளையும் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் பார்த்தாள்.

“அப்பவும் ஒண்ணும் இல்ல, மானாங். தப்புப் பண்ணியிருந்தா அழுது தீத்திருப்பேன். தப்பே கண்டுபிடிக்க முடியல. வார்டுல எல்லாரும் தியோதுலோவப் பாத்துப் பயந்தாங்க. நான் ஆறு வருஷமா ஒவ்வொரு தகட்டுலயும் உங்க வீட்டுக்காரரத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.”

பசிலிசா அவளைத் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். முடிவைக் கையில் கொடுத்தபோது அபெலார்டோ ஏதாவது சொன்னானா?

ஹெர்மெலிதாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “சிரிச்சாரு. ‘என் பொண்டாட்டி போலீஸ்காரி. வாயால சொன்னா நம்ப மாட்டா, கேக்கும்போது காட்டணும்’னு சொல்லி, மூணு சீட்டையும் மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு.”

ஆலைப் புகை என்று அவன் பொய் சொல்லவில்லை. லேபில் சொன்னதை நம்பி பசிலிசாவிடம் சொன்னான். சந்தேகம் வந்து அவள் கேட்பாள், அப்போது காட்டலாம் என்று ஒன்பது மாதம் அந்தச் சீட்டுகளைச் சட்டையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். ஊரில் யாரையும் கேள்வி கேட்டே குடைந்தெடுப்பவள், அவனை ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தச் சட்டைகளையெல்லாம் அடக்கம் முடிந்த வாரமே கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள், பையில் கைகூட விட்டுப் பார்க்காமல்.

ஹெர்மெலிதாவின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு அவள் தாழ்வாரக் கடைசிக்கு நடந்தாள். நர்ஸிடம் முகமூடி ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். தனியறையின் ஜன்னல் வெளிப்பக்கமாகத் திறந்திருந்தது. பிட்யோங் கட்டிலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ஜீப்பைவிட இந்த மெத்தை மேல், வாடகையும் இல்லை, இது தெரிந்திருந்தால் செப்டம்பரிலேயே வந்திருப்பேன் என்றான். குரல் என்னவோ அவன் குரலாக இல்லை.

பசிலிசா ஒரு முக்காலியை இழுத்து, காற்று வருகிற பக்கமாக ஜன்னலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தாள்.

“இருமல் எப்ப ஆரம்பிச்சுது?”

“அதெல்லாம் டாக்டரு கேட்டு எழுதிக்கிட்டாரு, சார்ஜன்ட்.”

“நான் கேக்குறேன். மொத நாள்லேர்ந்து சொல்லு.”

அவன் ஏதோ கிண்டல் செய்ய வாயைத் திறந்தான். அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

“ஜூலை மாசம்,” என்று ஆரம்பித்தான். “மழை பேஞ்சுக்கிட்டிருந்த ஒரு செவ்வாக்கிழமை. நீங்க பாத்ரூம் குழாய் ஒழுகுதுன்னு கத்திக்கிட்டு இருந்தீங்க...”

பசிலிசா குறுக்கே பேசாமல் கேட்டாள். அவன் நிறுத்திய இடத்திலெல்லாம், அப்புறம் என்றாள்.